உங்க மாவட்டத்துல பெண்களோட புற்றுநோய் மரணம் குறைவா? அந்த எண்ணை இப்படிப் படிங்க

வணக்கம். திரையில ரெண்டு ஊர் இருக்கு, பாருங்க. கணக்குக்காக நான் போட்டு வெச்ச ஊர்கள். ரெண்டுலயும் தலா 5 லட்சம் பெண்கள். ஒரு வருஷத்துல மார்பகப் புற்றுநோயால முதல் ஊர்ல 99 பேர் இறந்திருக்காங்க, ரெண்டாவது ஊர்ல 54 பேர். லட்சத்துக்கு எத்தனைன்னு வகுத்தா 19.8, 10.8. மாவட்ட வாரியா வரைபடம் போடுறவங்க முதல் ஊருக்குச் சிவப்பு அடிச்சிடுவாங்க, ரெண்டாவதுக்குப் பச்சை. ஆனா ரெண்டு ஊர்லயும் ஒரே வயசுல இருக்கிற பெண்ணுக்கு ஆபத்து ஒண்ணேதான்.

எப்படின்னு பிரிச்சுப் பார்ப்போம். 45 வயசுக்குக் கீழ லட்சத்துக்கு 3 மரணம், 45லேர்ந்து 59 வரைக்கும் 30, 60க்கு மேல 60. இந்த விகிதம் ரெண்டு ஊருக்கும் பொது. முதல் ஊர்ல 60 தாண்டினவங்க 1 லட்சம், நடுவயசுக்காரங்க 1 லட்சம், மிச்சம் 3 லட்சம். அப்போ 60, 30, 9. கூட்டினா 99. ரெண்டாவது ஊர்ல 60 தாண்டினவங்க 40 ஆயிரம்தான், நடுவயசு 60 ஆயிரம், மிச்சம் 4 லட்சம். அங்க 24, 18, 12. கூட்டினா 54. வித்தியாசம் நோயில இல்ல, வயசுலதான். தமிழ்நாட்டையும் பீகாரையும் நேரா ஒப்பிட்டா இதே தப்புதான் நடக்கும், ஏன்னா நம்ம ஊர்ல வயசானவங்க பங்கு அங்கவிட அதிகம்.

இதைச் சரிபண்ணத்தான் ஏஜ் அட்ஜஸ்டட் ரேட், வயசு சரிசெய்த விகிதம். 1960ல ஜப்பான்காரர் மிட்சுவோ செகி, எல்லா ஊரையும் ஒரே அளவுகோல்ல ஒப்பிட, எந்த வயசுல எத்தனை பேர்னு ஒரு பொது மக்கள்தொகைப் பட்டியல் கொடுத்தார். அந்த அடிப்படையில வந்த உலகப் பட்டியலைத்தான் நம்ம புற்றுநோய்ப் பதிவேடுகள் பயன்படுத்துது. அதுல 1 லட்சம் பேர் இருந்தா, 45க்குக் கீழ 74,000, 45-59ல 15,000, 60க்கு மேல 11,000. அந்தந்த வயசு விகிதத்தை இந்தப் பங்கால பெருக்குங்க: 2.2, 4.5, 6.6. கூட்டினா 13.3. ரெண்டு ஊருக்கும் 13.3. அசல் கணக்குல மூணு பிரிவு போதாது, அஞ்சஞ்சு வயசா 18 பிரிவு வெச்சுப் போடணும்.

இங்க ஒரு பொறி இருக்கு. அமெரிக்கக் கவுண்டிகளுக்கு, அதாவது அங்கத்து மாவட்டங்களுக்கு, இணையத்துல வர்ற விகிதம் 2000ஆம் வருஷத்து அமெரிக்க மக்கள்தொகையை வெச்சுச் சரிசெய்தது. அதுல முதியவங்க பங்கு அதிகம், அதனால எண்ணும் பெருசா வரும். அதை எடுத்து சென்னை எண்ணுக்குப் பக்கத்துல வெச்சா அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்ல.

அடுத்தது சின்ன எண்ணிக்கை. ஒரு தாலுக்காவுல வருஷத்துக்கு 9 மரணம்னு வருதா? தற்செயல் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தா, உண்மை நிலவரம் 4லேர்ந்து 17 வரைக்கும் எங்க வேணாலும் இருக்கலாம். 100 மரணம் இருந்தா அந்த இடைவெளி 81லேர்ந்து 122ன்னு சுருங்கும். அதனால 'போன வருஷம் 6, இந்த வருஷம் 12, ரெண்டு மடங்கு ஆயிடுச்சு'ன்னு யாராவது சொன்னா உடனே பதறாதீங்க. அஞ்சு வருஷத்தைச் சேர்த்துப் போடச் சொல்லுங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். வயசைச் சரிபண்ணியாச்சு, எண்ணிக்கையும் போதுமான அளவு இருக்கு, அப்பவும் ஒரு மாவட்டத்துல மரணம் ரொம்பக் குறைவா இருக்குன்னு வைங்க. அங்கதான் எனக்குச் சந்தேகம் ஆரம்பிக்கும். இந்தியாவுல 2020ல பதிவான மரணங்கள்ல டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதம்தான். மிச்ச மரணங்களுக்கு மருத்துவக் காரணமே இல்ல.

எழுதின சான்றுலயும் எப்படி எழுதியிருக்குன்னு பார்க்கணும். திரையில இருக்கிறது படிவம் 4. ஆஸ்பத்திரியில நடக்கிற மரணத்துக்கு இது, வீட்டுல நடந்தா 4ஏ. முதல் பகுதியில வரிசையா வரிகள் இருக்கு பாருங்க. மேல் வரியில உடனடிக் காரணம். அதுக்குக் கீழ, அதைக் கொண்டுவந்தது எது. கடைசி வரியில, எல்லாத்துக்கும் ஆரம்பம் எது. புள்ளிவிவரத்துக்குப் போறது இந்தக் கடைசி வரிதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முத்தி, கட்டி சிறுநீர்க் குழாயை அடைச்சு, கிட்னி செயலிழந்து ஒரு அம்மா இறந்தாங்கன்னா, மேல் வரியில கிட்னி செயலிழப்பு, நடுவுல சிறுநீர்க் குழாய் அடைப்பு, கீழ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்னு வரணும். முதல் வரியில மட்டும் 'கிட்னி ஃபெயிலியர்'னு எழுதி நிறுத்திட்டா அந்த அம்மா கிட்னி நோய்க் கணக்குல போயிடுவாங்க. 'கார்டியாக் அரெஸ்ட்'னு எழுதினா இன்னும் மோசம். இதயம் நிக்காம யாரும் இறக்கிறதில்லையே, அது காரணமே ஆகாது.

பெண்களுக்குன்னு இன்னொரு குழப்பம் இருக்கு. ஒவ்வொரு நோய்க்கும் உலகம் முழுக்க ஒரே குறியீடு தர்ற ஐசிடி-10 பட்டியல்ல கர்ப்பப்பை வாய்ப் புற்று சி53, கர்ப்பப்பை உடல் சி54, எந்தப் பகுதின்னு சொல்லாத கர்ப்பப்பைப் புற்று சி55. சான்றுல வெறும் 'யூட்டரஸ் கேன்சர்'னு எழுதினா அது சி55க்குப் போகும், சி53 குறைஞ்ச மாதிரி தெரியும். ஒரு ஊரோட சி53 மரணத்தைப் பார்க்கிறப்போ சி55 எவ்வளவுன்னும் பக்கத்துலயே பாருங்க. அது பெருசா இருந்தா சி53 எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க.

அப்போ கிராமத்துல உண்மை நிலவரம் என்ன? மில்லியன் டெத் ஸ்டடின்னு ஒரு பெரிய ஆய்வு. ஆஸ்பத்திரிச் சான்றை நம்பாம, 2001-03ல மரணம் நடந்த வீடுகளுக்கே களப்பணியாளர்கள் போனாங்க. கடைசி மாசங்கள்ல என்னென்ன தொந்தரவு இருந்ததுன்னு கேட்டு எழுதினாங்க. அதை ரெண்டு டாக்டர்கள் தனித்தனியாப் படிச்சுக் காரணம் முடிவு பண்ணினாங்க. அதோட புற்றுநோய் முடிவு 2012ல வந்தது. 30லேர்ந்து 69 வயசுப் பெண்கள்ல, வயசு சரிசெய்த புற்றுநோய் மரணம் லட்சத்துக்கு நகரத்துல 91.2, கிராமத்துல 96.6. 'புற்றுநோய் பட்டணத்து வியாதி'ங்கிற பேச்சு இந்த ரெண்டு எண்ணோட முடிஞ்சிடணும். அதே வயசுல, 2010க்கான மதிப்பீட்டுல, பெண்கள் புற்றுநோய் மரணத்துல முதல் இடம் கர்ப்பப்பை வாய்க்கு, 33,400 பேர். அடுத்தது இரைப்பை 27,500. அதுக்கப்புறம்தான் மார்பகம், 19,900.

இனி காலப்போக்கு. சென்னைக்கு நல்ல வசதி இருக்கு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்துற பதிவேடு 1982லேர்ந்து ஓடுது. ஆரம்பத்துல சென்னைப் பெண்களுக்கு அதிகமா வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், லட்சத்துக்கு 40ஐ ஒட்டி. இப்போ அது பாதிக்கும் கீழ. மார்பகப் புற்றுநோய் நேர் எதிரா ஏறி, 2012-16ல 42.2. கவனிங்க, இதெல்லாம் புதுசா நோய் வந்தவங்க எண்ணிக்கை, மரணம் இல்ல. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னா மரணத்தை நோய் எண்ணிக்கையால வகுங்க. 2022க்கான உலக மதிப்பீட்டுல இந்தியாவுக்கு மார்பகம் 1.92 லட்சம் புது நோயாளிகள், 98 ஆயிரம் மரணம். கிட்டத்தட்ட ரெண்டுக்கு ஒண்ணு. அமெரிக்காவுல அது ஏறக்குறைய ஆறுக்கு ஒண்ணு. கர்ப்பப்பை வாய் இந்தியாவுல 1.27 லட்சம், 80 ஆயிரம், அதாவது 0.63. நோய் வர்றது குறைஞ்சாலும், வந்தவங்க முத்தின நிலையிலதான் வந்து சேர்றாங்கன்னு இந்த 0.63 சொல்லுது. இதுவும் மாதிரிக் கணக்குதான், ஒவ்வொரு மரணத்தையும் எண்ணிச் சொன்னதில்ல.

போக்கை ஒரே எண்ணுல சொல்ல ஆண்டு மாற்ற விகிதம் போடுவாங்க. 10 வருஷத்துல 30லேர்ந்து 20க்கு இறங்கினா, மூணுல ஒரு பங்கை பத்தால வகுத்து 3.3ன்னு சொல்லாதீங்க. அது கூட்டுவட்டி மாதிரி, வருஷத்துக்கு 4 சதவீதம் குறைவுன்னு வரும்.

மரணம் நிஜமாவே குறைஞ்சதை எண்ணிக் காட்டின இடம் நம்ம திண்டுக்கல். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை மரணத்தைக் குறைக்குதான்னு பார்க்க, ஆய்வாளர்கள் அங்க 114 பஞ்சாயத்தை ரெண்டாப் பிரிச்சாங்க. 57 பஞ்சாயத்துல 30லேர்ந்து 59 வயசு வரைக்கும் 49,311 பெண்கள், மத்த 57ல 30,958 பேர். முதல் பிரிவுல பயிற்சி பெற்ற நர்சுகள் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில தடவி, 1 நிமிஷம் கழிச்சுப் பார்த்தாங்க. வெள்ளையா மாறினா மேல்பரிசோதனை, தேவைப்பட்டா அன்னைக்கே குளிர்முறைச் சிகிச்சை, அதாவது அந்த இடத்தை உறைய வெச்சு அழிக்கிறது. 10ல 6 பேருக்கு மேல பரிசோதனைக்கு வந்தாங்க. 2006 கடைசி வரைக்கும் பதிவேட்டுல மரணத்தைப் பின்தொடர்ந்தாங்க. பரிசோதனைப் பிரிவுல கர்ப்பப்பை வாய் மரணம் 83, மத்ததுல 92.

83க்கும் 92க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணுதா? ஒண்ணு 49 ஆயிரம் பேர்ல, இன்னொண்ணு 31 ஆயிரம் பேர்ல. லட்சம் பெண்களுக்கு ஒரு வருஷத்துக்குன்னு வயசைச் சரிபண்ணிப் போட்டா 39.6, 56.7. மத்த வேறுபாடுகளையும் சரிபண்ணின பிறகு 35 சதவீதம் குறைவு. 2007ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த முடிவு இது. எந்தப் பெரிய மெஷினும் வேண்டியிருக்கல, வினிகர்ல இருக்கிற அமிலம், நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற நர்சு, இவ்வளவுதான். அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 30லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணிக்கிட்டவங்க 9.8 சதவீதம்தான். இந்திய அளவுல 1.9. இதைப் பார்க்கிறப்போ மனசு ஆறல.

கடைசியா ஒரு விஷயம். 2023ல பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தினாங்க, அந்த அக்டோபர் 1லேர்ந்து அமல்ல இருக்கு. ஆஸ்பத்திரியில மரணம் நடந்தா, காரணம் எழுதின சான்றோட நகலை நெருங்கின உறவுக்காரங்களுக்கு இலவசமா கொடுக்கணும். துக்கத்துல அதையெல்லாம் பார்க்கிற நிலைமையில யாரும் இருக்க மாட்டோம், தெரியும். கூட நிக்கிற சொந்தக்காரர் யாராவது ஒருத்தர் அந்த நகலைக் கேட்டு வாங்கி, முதல் பகுதியோட கடைசி வரியைப் படிங்க. சிகிச்சை எடுத்த நோய் அங்க இல்லாம, வெறும் 'கார்டியாக் அரெஸ்ட்'னு மட்டும் இருந்தா, பழைய பயாப்சி ரிப்போர்ட்டைக் காட்டி, அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட டாக்டர்கிட்டயே திருத்தித் தரச் சொல்லுங்க. சான்று பதிவாளர்கிட்ட போறதுக்கு முன்னாடி கேட்டா ரொம்பச் சுலபம்.