புண்சுமந்த பொன்மேனி

(ஆவணி மூலத்துக்கு முந்தின நாள் மாலை, மதுரை அரப்பாளையம் பக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குப் புட்டுத் திருவிழா. மீனாட்சியும் சொக்கரும் பெரிய கோயிலை விட்டுக் கிளம்பி நம்ம புட்டுத்தோப்புக்கு வந்துவிடுவார்கள். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். நாளைக்குப் பேசினால் மேளச் சத்தத்தில் நான் சொல்வது யாருக்கும் கேட்காது. அதனால்தான் இன்றைக்கே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கொடுத்த தலைப்பு ‘துன்பத்தில் இறைநம்பிக்கை’. கேட்டதும் தயங்கினேன். 31 வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான். ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்ற குறளை வருடம் தவறாமல் நடத்தியிருக்கிறேன். பரீட்சையில் பொருள் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். எனக்கு இடுக்கண் வந்தபோது சிரிப்பு வரவில்லை. வள்ளுவர் கோபித்துக்கொண்டாலும் சரி, இந்த வயது வரை அந்தக் குறள் எனக்குக் கைவரவில்லை.

தலைப்பை விடுங்கள், கதைக்கு வருவோம். மதுரைக்காரர்களுக்கு வந்தி கதையைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் போன வாரம் என் பேத்திக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வயது.

அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். அவரைக் காப்பாற்றச் சொக்கர் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி அனுப்பினார். நரி பரியானது. ராத்திரியோடு ராத்திரியாகப் பரி திரும்ப நரியானது. லாயத்தில் ஊளைச் சத்தம். ராஜாவுக்குக் கோபம் வந்து அமைச்சரை வைகை மணலில், சுடுவெயிலில் நிறுத்தினான். அடியாரின் வேதனை பொறுக்காமல் சொக்கர் வைகையைப் பெருகச் செய்தார். இன்றைக்கென்றால் அணையில் 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அதெல்லாம் ஏது? கரை உடைந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். புட்டு விற்றுப் பிழைக்கிற கிழவி வந்திக்குப் பிள்ளை இல்லை, பேரன் இல்லை. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை.

இந்த இடத்தில் பேத்தி கையைத் தூக்கினாள். “தாத்தா, வெள்ளத்தை அனுப்பினதே சாமிதானே? அந்தப் பாட்டி என்ன தப்பு பண்ணுச்சு?”

வாயடைத்துப் போனேன். எத்தனை வருடமாக இந்தப் படலத்தைப் படிக்கிறேன், எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். கிழவிக்கு உதவக் கூலியாளாக வந்த சொக்கர்தான் அவளுக்கு அந்தக் கஷ்டத்தைக் கொண்டுவந்தவர் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. ஒருவருக்காகப் பெருகிய ஆறு இன்னொருத்தியின் அடுப்பை அணைக்கப் பார்த்தது. திருவிளையாடல் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் இதை மறைக்கவும் இல்லை. 60ஆவது படலத்தில் வையையை அழைக்கிறார், 61இல் மண் சுமக்க வைக்கிறார். அடுத்தடுத்த படலங்கள். இடையில் ஒரு விளக்கம் கிடையாது.

விளக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி தவறி நான்கு வருடம் ஆகிறது. சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இரண்டு வருடம் அப்படி ஓடியது. அவள் உள்ளே படுத்திருப்பாள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு வருடத்தில் எனக்கு விளக்கத்துக்கு மட்டும் பஞ்சமே வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு விளக்கமும் கொண்டுவருவார்கள். முன்வினை என்றார் ஒருவர். நல்லவர்களைத்தான் சாமி சோதிக்கும் என்றார் இன்னொருவர். அப்படியென்றால் அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருக்கலாமே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “குலதெய்வத்துக்கு ஏதாவது குறை வச்சிட்டீங்களா மாப்ளே?” என்று கேட்டார். அன்று ராத்திரி முழுக்க எந்த வருடம் பொங்கல் வைக்கப் போகவில்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வினைக் கோட்பாட்டை நான் மறுக்கவில்லை. சைவன் எப்படி மறுக்க முடியும்? ஆனால் அப்பர் சுவாமிகளுக்குச் சூலை நோய் வந்து குடலைத் திருகியபோது முதன்முதலில் பாடிய பாட்டைப் பாருங்கள். ‘கொடுமைபல செய்தன நானறியேன்’ என்கிறார். செய்திருக்கலாம், ஆனால் எனக்குத் தெரியவில்லை என்கிறார். நோயில் கிடந்தவரே தன் கணக்கு தெரியாது என்று சொல்லியிருக்க, பக்கத்தில் நிற்கிற நமக்கு அடுத்தவர் கணக்கு எப்படித் தெரிந்தது? வினையைப் பற்றி என் வரைக்கும் நான் யோசித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனிடம் போய்ச் சொல்வதற்கு உரிய பேச்சில்லை அது.

என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவ நண்பர் ஒருவர் அப்போது அடிக்கடி வருவார். பெரும்பாலும் பேச மாட்டார். பெஞ்சில் உட்காருவார், டீ வாங்கி வருவார், போய்விடுவார். ஒருநாள் மட்டும் வேதாகமத்தில் யோபு புத்தகத்தைப் படித்துப் பாருங்கள் சார் என்றார். 42 அதிகாரம். பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார் யோபு. சிநேகிதர்கள் மூன்று பேர் வருகிறார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் சும்மா உட்காருகிறார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்பதுதான் சாரம். என்னைப் பார்க்க வந்தவர்களை எனக்கு அங்கே நன்றாக அடையாளம் தெரிந்தது.

யோபுவோ ஏன், ஏன் என்று கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். என்ன பேசுகிறார் தெரியுமா? நான் பூமியை அஸ்திபாரப்படுத்தியபோது நீ எங்கே இருந்தாய்? கடலுக்கு எல்லை போட்டது யார்? வரையாடு எப்போது குட்டி போடும் என்று உனக்குத் தெரியுமா? முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவனுக்கு ஆட்டுப் பிரசவத்தைப் பற்றிப் பாடமா? புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் கடைசி அதிகாரத்தைப் பார்த்தேன். கடவுள் அந்த மூன்று சிநேகிதர்களிடம், என் தாசனாகிய யோபுவைப்போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொள்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் திட்டு வாங்கினார்கள். கடவுளோடு சண்டை போட்டவர் சரியாகப் பேசினார். ஏன் என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை. கேட்டவனைத் தேடிக் கடவுள் வந்தார், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் மட்டும் போதவில்லை. அதே பெஞ்சில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் உட்காருவார். மகனுக்கு டயாலிசிஸ். படிக்காதவர். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று என் மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு சாயங்காலம் என்னிடம் கேட்டார். “ஏன் சாரு, சாமி கும்பிடுறதை விட்டுட்டீகளாமே?”

“ஆமாம்மா, மனசு வரலை.”

“மனசு வரலைன்னா கும்பிடாதீக. வைய்யிங்க. நான் தெனமும் வஞ்சுட்டுத்தான் பஸ் ஏறுவேன்.”

“வஞ்சா அதுக்குக் கேக்குமா?”

“கேக்காத ஆளை எவன் சாரு மெனக்கெட்டு வைவான்?”

வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் வகுப்பில் நடத்திய சுந்தரர் அப்போதுதான் எனக்குப் புரிந்தார்.

சுந்தரர் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறிக் கிளம்பினார். இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் போய்ச் சேர்ந்தார். அது சென்னைக்கு அந்தப் பக்கம், பூண்டி. தப்பு செய்தால் பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே செய்தேன், இப்படிக் கண்ணை மறைத்துவிட்டாயே, கோயிலுக்குள்தான் இருக்கிறாயா என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது. ‘உளோம் போகீர்.’ இருக்கிறோம், நீ போ. அவ்வளவுதான் பதில். கண்ணைக் கேட்டவருக்கு ஒரு ஊன்றுகோல் கிடைத்தது.

இந்த இடத்தைச் சிலர் வேகமாகத் தாண்டிக் காஞ்சிபுரத்துக்குப் போய்விடுவார்கள். காஞ்சியில் இடக்கண் வந்தது, ஆரூரில் வலக்கண் வந்தது, சுபம். எனக்கு வெண்பாக்கத்தை விட்டு நகர மனசில்லை. ஏனென்றால் நம்மில் பாதிப்பேர் இருப்பது அங்கேதான். பார்வை வரவில்லை. கையில் ஒரு கம்பு இருக்கிறது. என் விஷயத்தில் கம்பு என்றால் டீ வாங்கி வந்த நண்பர், வையச் சொன்ன அந்த அம்மா, அதிகாலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடித்த ஆட்டோக்காரத் தம்பி. கம்புதானே என்று அப்போது நினைத்தேன். கம்பு இல்லாமல் அந்த இரண்டு வருடத்தைக் கடந்திருக்க முடியாது.

ஆரூரில் அவர் பாடுகிற பதிகம் வேறு தினுசு. உமக்கே மீளாத அடிமையாகி, மூளாத தீப்போல உள்ளே கனன்று, முகம் வாடி, எங்கள் அல்லலைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர், நல்லது, ‘வாழ்ந்து போதீரே’ என்கிறார். நம்ம ஊர்ப் பாஷையில் “நல்லா இருப்பா சாமி, நீ நல்லா இரு!” என்று கையைத் தட்டிவிட்டுச் சொல்கிற மாதிரி. இந்த வசவு ஏழாம் திருமுறையில் இருக்கிறது. ஓதுவார்கள் கண்ணை மூடிக்கொண்டு, பண் போட்டுச் சன்னதியில் பாடுகிறார்கள். உசிலம்பட்டி அம்மா பஸ் ஏறுமுன் பாடியதும் இதே பதிகம்தான், பண் மட்டும் வேறு.

சரி, பாதியில் விட்ட வந்திக்கு வருவோம். கூலியாள் வந்தான். உதிர்ந்த புட்டு எனக்கு, உதிராதது உனக்கு என்று பேசிக்கொண்டான். அன்றைக்கு எதைச் செய்தாலும் உதிர்ந்தது. தின்றான், பாடினான், ஆடினான், கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். அவள் பங்குக் கரை மட்டும் அடைபடவில்லை. பாண்டியன் வந்து பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் மேல் விழுந்தது, அரசி மேல், அமைச்சர் மேல், எல்லா உயிர் மேலும் விழுந்தது. அவன் ஒரு கூடை மண்ணைக் கொட்டினான். கரை நின்றது. ஆளைக் காணோம்.

இதை எல்லா உயிரிலும் அவன் இருக்கிறான் என்பதற்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் மாணிக்கவாசகர், அதாவது யாருக்காக ஆறு பெருகியதோ அந்த வாதவூரரே, திருவம்மானையில் இந்தச் சம்பவத்தைப் பாடும்போது அடி ஊரெல்லாம் விழுந்த அற்புதத்தைச் சொல்லவே இல்லை. ‘கலிமதுரை மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு புண்சுமந்த பொன்மேனி’ என்கிறார். மண் சுமந்தவன் புண்ணையும் சுமந்தான். சுடுமணலில் நின்று புண்பட்டவருக்குக் கண்ணில் பட்டது அந்தப் புண்தான். ஆற்றைப் பெருக்கவும் வற்றவைக்கவும் தெரிந்தவன் முதுகில் ஒரு பிரம்புத் தழும்பு. அந்தச் சக்திக்கும் இந்தத் தழும்புக்கும் என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்தது இந்த வரியால்தான். அவள் போன பிறகு ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை போனேன். கும்பிடவில்லை. சுவாமி சன்னதியில் தூண் ஓரமாக நின்று நாலு வார்த்தை வைதுவிட்டு வந்தேன்.

பேத்திக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஆமாம் கண்ணு, வெள்ளத்தை அனுப்பியது அவர்தான் என்றேன். “அப்புறம் எதுக்கு அவரே வந்து மண்ணு சுமந்தாரு?” என்றாள். தெரியவில்லை என்றேன். ஆசிரியர் வேலையில் அதிகம் சொல்லாத வார்த்தை அது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அடி வாங்கினப்ப சாமிக்கு வலிச்சிருக்குமா தாத்தா?” என்று கேட்டாள். புண் என்றுதான் பாட்டில் இருக்கிறது, புண் என்றால் வலித்துத்தானே இருக்கும் என்றேன். “பாட்டிக்கு ஊசி குத்தினப்ப வலிச்ச மாதிரியா?” என்றாள்.

நாளைக்கு அவளையும் புட்டுத்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சாமியை நேரில் பார்த்து இன்னும் என்னென்ன கேட்கப்போகிறாளோ தெரியவில்லை. வணக்கம்.