'ஒரு தடவை பார்க்கலாம்' என்றால் என்ன பொருள்?

(திரைப்படச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

தியேட்டரை விட்டு வெளியே வருகிறவரிடம் "படம் எப்படி?" என்று கேட்டால் நம் ஊரில் மூன்று பதில்தான் கிடைக்கும். ஒன்று "செம". இன்னொன்று "மொக்கை". நடுவில் "ஒரு தடவை பார்க்கலாம்". இந்த மூன்றாவது பதிலைச் சொல்கிறவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று நமக்கெல்லாம் ஒரு சந்தேகம் உண்டு. விகடன் விமர்சனத்தில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும்போதும் கண் முதலில் அந்த எண்ணுக்குத்தான் போகும். ஏன் அந்த எண் என்பதை அப்புறம்தான் படிப்போம், படித்தால்.

பாதி பிடித்த படங்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட படத்தில் நல்லதும் கோளாறும் தனித்தனியாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. இயக்குநர் எடுத்த ஒரே முடிவு ஓரிடத்தில் படத்தைத் தூக்கும், இன்னோரிடத்தில் காலை வாரும். அந்த முடிவு எது என்று சொல்லத் தெரிந்தால் 'சுமார்' என்ற சொல்லுக்கும் எடை வந்துவிடும்.

'தங்கலான்' படத்திலிருந்து தொடங்குகிறேன். 2024 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்குத் தங்கம் தோண்டப் போகிறவர்களின் கதை. பா. இரஞ்சித் இதை லைவ் சவுண்டில், அதாவது படப்பிடிப்பிலேயே பதிந்த குரலோடு எடுத்தார். நம் ஊர் வழக்கம் வேறு. படப்பிடிப்பில் பதியும் குரல் வெறும் அடையாளத்துக்குத்தான். எடிட்டிங் முடிந்த பிறகு நடிகர் டப்பிங் அறையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று மறுபடி பேசுவார். அதனால்தான் தமிழ்ப் படங்களில் மலை உச்சியில் கத்துகிறவரின் குரலும் காதோரம் கேட்கும். லைவ் சவுண்டில் மூச்சிரைப்பு, காற்று, மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் எல்லாம் குரலோடு சேர்ந்தே வரும். விக்ரமும் பார்வதியும் பேசும் இடங்களில் அந்த உழைப்பின் களைப்பு குரலிலேயே இருக்கிறது. டப்பிங் அறையில் நின்றுகொண்டு அந்த இரைப்பைக் கொண்டுவர முடியாது.

ஆனால் பேச்சு வட ஆற்காட்டு வழக்கு, அதுவும் பழைய காலத்தது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், மேலே பின்னணி இசை. பாதி வசனம் காதில் விழவில்லை என்பதுதான் படம் வந்தபோது எழுந்த பெரிய புகார். அதில் தியேட்டர்களுக்கும் பங்குண்டு. ஒலிக்கருவியின் அளவுகோலில் 7 என்ற இடத்தில் வைத்துக் கேட்கும்படிதான் படத்தின் ஒலிகளைக் கலந்து மிக்ஸிங் செய்கிறார்கள். சத்தம் அதிகம் என்று யாராவது முறையிட்டால் தியேட்டர்காரர் 5-க்கு இறக்கிவிடுவார். இறக்கினால் இடி இடியாகத்தான் கேட்கும், முணுமுணுப்பு மட்டும் காணாமல் போகும். டப்பிங் படம் இதைத் தாங்கும். லைவ் சவுண்ட் படம் தாங்காது. ஆக, அந்தப் படத்துக்கு உயிர் கொடுத்த முடிவுதான் அதைப் புரியாமலும் ஆக்கியது.

காதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுப் பார்த்தால் படத்தின் ஆகச் சிறந்த இடம் கோலாரில் இல்லை, ஊரில்தான் இருக்கிறது. தங்கலான் (விக்ரம்) ஊர் திரும்பும்போது, அதுவரை ரவிக்கை போட்டறியாத பெண்களுக்கு ரவிக்கை கொண்டுவருகிறான். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், வெட்கப்படுகிறார்கள். ஒரு துண்டுத் துணிக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு. பின்பாதியில் தங்கத்தைக் காக்கும் ஆரத்தி என்ற மாயப் பெண் திரும்பத் திரும்பத் தோன்றிச் சொல்ல வருவதும் கிட்டத்தட்ட இதையேதான், ஆனால் இந்த அளவுக்கு ஒட்டவில்லை. கணினியில் செய்த கருஞ்சிறுத்தையைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே மரியாதை.

இதற்கு நேர் எதிர்த் துருவம் வெற்றிமாறனின் 'விடுதலை' இரண்டாம் பாகம், 2024 டிசம்பர். டப்பிங் அறையிலும் வசனம் எழுதிக்கொண்டே இருப்பவர் அவர். கதாபாத்திரம் முதுகைக் காட்டி நடந்தால் போதும், அந்த முதுகுக்கு நாலு வரி கிடைத்துவிடும். சில இடங்களில் உதடு ஒன்று சொல்கிறது, காது வேறொன்று கேட்கிறது. இந்த முறையால் லாபமும் உண்டு. அதிகாரிகள் ஓர் அறையில் உட்கார்ந்து, எந்தச் செய்தியை எப்போது வெளியிடுவது என்று பேசும் காட்சிகளில் அந்த இடைவிடாத பேச்சுதான் அரசு இயந்திரத்தின் ஓசை. போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் போராளித் தலைவர் பெருமாள் வாத்தியார், காட்டில் இரவு நடையில் தன் கதையைச் சொல்லும்போது அதே பேச்சு வகுப்பாகிவிடுகிறது. முதல் பாகம் ரயில் விபத்துக் களத்தில் ஒரு நீண்ட ஒற்றை ஷாட்டோடு தொடங்கியது. கேமரா போகிற போக்கில் எல்லாம் புரிந்தது. அந்த நம்பிக்கை இரண்டாம் பாகத்தில் குறைந்துவிட்டது. இருந்தும் கருப்பன் வரும் பகுதிக்காக இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பண்ணையார்முறை என்னவெல்லாம் செய்யும் என்பதை அங்கே யாரும் விளக்கவில்லை, நடக்கிறது.

'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். கல்கியின் நாவலோ ஐந்து பாகம். மணிரத்னம் எடுத்த முடிவு வேகம். முன்கதையை விளக்க நிற்பதில்லை, பாட்டுக்காகவும் கதை அதிகம் நிற்பதில்லை. இதனால் வந்தியத்தேவனுக்கு யோகம். கடம்பூர், தஞ்சை, பழையாறை, இலங்கை என்று அவன் குதிரையோடு நாமும் ஓடுகிறோம். கார்த்தி அந்த ஓட்டத்தில் அசடு வழிவதும் பெண்களிடம் வழிவதும் நாவலின் விளையாட்டுத்தனத்தை அப்படியே வைத்திருக்கிறது. நஷ்டம், நாவல் படிக்காதவருக்கு. யார் யாருக்குச் சித்தப்பா, சோழப் பட்டம் ஏன் இந்தக் கிளைக்குப் போயிற்று என்று பிடிபடுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது. படித்தவர்கள் இடைவெளிகளைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். படத்தை நாம் பாராட்டியதில் கல்கிக்கும் ஒரு பங்கு போக வேண்டும்.

வேகத்தை அவர் கைவிட்ட இடங்கள் இரண்டாம் பாகத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் இளம் கரிகாலனும் இளம் நந்தினியும் வரும் பகுதி, பெரும்பாலும் பேச்சில்லாமல். பிறகு கடம்பூர் மாளிகையில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி. விளக்கொளி, இரண்டு முகங்கள், கரிகாலனாக வரும் விக்ரமின் குரல் மெல்ல மெல்ல இறங்குவது. படம் உண்மையில் அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நாவலில் இல்லாத இராட்டிரகூடப் போர் ஒன்று வருகிறது. பெரிய படம் என்றால் கடைசியில் சண்டை வேண்டும் என்ற கணக்கைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. முதல் பாகத்துக்கு நான் கொஞ்சம் தாராளமாகவும், இரண்டாவதற்கு அந்த ஒரு காட்சிக்காகவும் கை தட்டுவேன்.

'மாமன்ன'னில் சிக்கல் இன்டர்வெல்லில் இருக்கிறது. 2023-இல் வந்த மாரி செல்வராஜ் படம். கேள்வி ஒரே ஒரு நாற்காலி. எம்.எல்.ஏ. ஆன பிறகும் மாமன்னன் (வடிவேலு) ஆதிக்கச் சாதிக்காரர்கள் முன்னால் உட்காருவதில்லை. மகன் அப்பாவை உட்காரச் சொல்கிற இடத்தில் இடைவேளைச் சண்டை வெடிக்கிறது. எழுதி இயக்கிய முறையில் இதற்கு இணையான இடைவேளைகள் குறைவு. ஆனால் கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிட்டது. மீதி நேரம் தேர்தல். அது உடம்பில் நடக்கிற விஷயம் அல்ல, கணக்கு. வடிவேலு அமைதியாக இருந்தே முதல் பாதியைத் தாங்கினார். அதே அமைதி பின்பாதியில் ஃபகத் ஃபாசிலுக்கு மேடையைக் காலி செய்து கொடுத்துவிட்டது. படம் ஓடிடி-க்கு வந்ததும் ஃபகத் நடித்த வில்லன் ரத்னவேலுவை நாயகனாக்கிச் சிலர் வீடியோ வெட்டி ஒட்டியதை அறிவீர்கள். தோற்ற பந்தய நாயை அடித்துக் கொல்கிறவனாக அவனை அறிமுகப்படுத்தியிருந்தும் அது நடந்தது. வெட்டியவர்கள் மேல்தான் முதல் குற்றம். இருந்தாலும் எதிராளிக்கு அவ்வளவு காட்சி கொடுத்தால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

கடைசியாக, 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. மறைந்துபோன சோழர்களைத் தேடிப் போகும் பயணக் கதை. செல்வராகவனின் முடிவு, விளக்காமல் விடுவது. நடராசர் நிழல் தரையில் விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நிழலுக்கு வெளியே கால் வைத்தால் புதைமணல். நிழலோ நிற்கிற நேரம் கொஞ்சம்தான். யாரும் பாடம் நடத்தவில்லை. ஓடுகிறார்கள், நமக்குப் புரிகிறது. பின்பாதியில் பசியால் வற்றிய சோழர் கூட்டமும் அவர்களின் பழந்தமிழும் வரும்போதும் அதே துணிச்சல்தான். பார்த்திபன் அந்த மொழியைப் பேசும் விதத்திலேயே அரசனும் பிச்சைக்காரனும் ஒருசேரத் தெரிகிறார்கள். ஆனால் ரீமா சென் பாத்திரம் ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்ற பாண்டியப் பகையை மட்டும் விளக்காமல் விட்டிருக்கக் கூடாது. அது தாமதமாக, அவசரமாக வருகிறது. அதற்குள் போர் தொடங்கிவிடுகிறது, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமலே நாம் அதைப் பார்க்கிறோம். மூன்று மணி நேரப் படத்தில் முன்பாதிச் சுமைதூக்கி நகைச்சுவையில் பத்து நிமிடம் எடுத்து இங்கே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எனவே ஒரு தடவை பார்க்கலாம் என்றே சொல்கிறேன். நிழல் காட்சியை மட்டும் இரண்டு தடவை.