தாயைக் காட்டச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கால்நடை மருத்துவன். மாடு, ஆடு என்று கிராமங்களில் சுற்றிவிட்டு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் நாயும் பூனையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வைத்து விற்பவர்களிடம் சின்ன ஜாதி கிராஸ் நாய்க்குட்டி, அதாவது இரண்டு இனம் கலந்த குட்டி, வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி நிலையத்தில் கூப்பிட்டார்கள். நம் ஊரில் பெண் பார்க்கப் போகும்போது பெரியவர்கள் சொல்வார்களே, "தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்" என்று. பெண் விஷயத்தில் அது சரியோ தப்போ, நாய்க்குட்டி விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. குட்டி அழகாகத்தான் இருக்கும். அழகில்லாத நாய்க்குட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் போன உடனே குட்டியைக் கையில் வாங்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் அக்கா இதை என்னிடம் கேட்கவில்லை. தம்பி டாக்டர்தானே, அப்புறம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டாள். "பாம் கிராஸ், இரண்டு மாதம், முதல் ஊசி போட்டாச்சு" என்றார்களாம். பாம் என்பது பொமரேனியனின் சுருக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாஸ்டிக் கூடையில் பூந்துவாலை விரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பஞ்சு உருண்டை. உடம்பெல்லாம் குழந்தைப் பவுடர் வாசனை. வாயைத் திறந்து பார்த்தேன். முன்பற்கள் இப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, கடைவாயில் விரலை வைத்தால் வெறும் ஈறு. எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களும் ஏறக்குறைய வந்திருக்க வேண்டும். சின்ன ஜாதியில் சில நாள் முன்பின் ஆகலாம், ஆனால் இவ்வளவு ஆகாது. அந்தக் குட்டிக்கு முப்பத்தைந்து நாள் இருந்தால் அதிகம்.

"தாயைப் பார்த்தாயா அக்கா?" என்றேன்.

"ஊரில் இருக்கிறதாம்டா."

நாய்க்கு ஏது ஊர்?

மூன்றாம் நாள் குட்டி சாப்பிடவில்லை. ராத்திரி வாந்தி, விடிந்ததும் ரத்தமாகப் பேதி. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த குட்டியின் பேதிக்கு ஒரு தனி நாற்றம் உண்டு, ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டது. அக்கா விற்றவருக்குப் போன் போட்டாள். "இங்கே இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். விற்கும்போது துள்ளி விளையாடும். வீட்டுக்கு வந்து படுக்கும்.

தாய் ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்திதான் முதல் சில வாரம் குட்டியைக் காக்கிறது. அது ஆறு வாரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சில குட்டிக்குச் சீக்கிரம், சில குட்டிக்குப் பதினாறு வாரம் வரைகூட இழுக்கும். அது இருக்கிறவரை தடுப்பூசியையும் சரியாக வேலை செய்ய விடாது. அதனால்தான் ஒரே ஊசியோடு விடாமல் மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடச் சொல்கிறோம். வெறிநோய்க்கான ஊசி மூன்றாம் மாதத்தில். "முதல் ஊசி போட்டாச்சு" என்றால் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டாச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அட்டையைப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இருக்க வேண்டும். நீலப் பேனாவில் "ஊசி போட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் அட்டை.

சரி, தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்ன பார்ப்பது? அடிவயிற்றைப் பாருங்கள். இரண்டு மாதக் குட்டிகளின் தாய்க்குப் பால்காம்புகள் தொங்கிப்போய்த்தான் இருக்கும். வயிறு கன்னிப்பெண் மாதிரி சிக்கென்று இருந்தால் அது சித்தியாக இருக்கும், தாய் இல்லை. இந்தச் சித்தி வேலை நிறைய நடக்கிறது. விலா எலும்பு கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை, பால் கொடுத்த உடம்பு. ஆனால் முடி கொட்டி, ஆளைக் கண்டால் மூலையில் ஒடுங்கினால் யோசியுங்கள். தாயின் பயம் குட்டிக்கும் வரும், ரத்தத்தில் கொஞ்சம், பார்த்துப் பழகுவதில் கொஞ்சம். எத்தனையாவது ஈத்து என்று கேளுங்கள். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி ஒரு பெண் நாயை ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் ஈன வைக்கக் கூடாது, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைக் கேட்டால் முறைப்பவர்களும் உண்டு. முறைக்கட்டும்.

தகப்பனைப் பற்றிச் சொல்வதைப் பாதி நம்புங்கள். ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் இருப்பது நாய்களில் நடக்கக்கூடியதுதான். கிராஸ் குட்டிக்கு "கே.சி.ஐ. பேப்பர் இருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் மற்ற எதையும் கேட்க வேண்டாம். கென்னல் கிளப் தூய இனத்துக்குத்தான் சான்று தரும். இன்னொன்று, நம் ஊரில் பாம் என்று சொல்வதில் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிற வேறு இனம்தான். அது மட்டமான நாய் இல்லை. நம் வெயிலுக்கு நிஜப் பொமரேனியனைவிட அதுவே மேல். ஆனால் விலை மட்டும் பொமரேனியன் விலை சொல்வார்கள்.

கிராஸ் என்றால் நோயே வராது என்கிற பேச்சும் உண்டு. பாதி உண்மை. பொமரேனியனுக்கும் சிவாவாவுக்கும் முழங்கால் சில்லு நழுவுகிற கோளாறு சகஜம். இரண்டையும் சேர்த்தால் அது எங்கே போகும்? 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், கண் தெரியாத ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டுமென்று லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அவர் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. பிறந்தவை மூன்று குட்டிகள், ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே நாளில் பிறந்தவை. பிறகு உலகமெங்கும் கண்டதையும் கண்டதோடு சேர்த்து விற்க ஆரம்பித்ததைப் பார்த்துக் கான்ரனே வெளிப்படையாக வருத்தப்பட்டார். "டீகப்" என்று ஓர் இனமும் கிடையாது. கையளவு இருக்கிற குட்டி, குறைமாதத்தில் விற்கிற குட்டியாகவோ சாப்பாடு போடாத குட்டியாகவோ இருக்கலாம்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் வளர்ப்பவர்கள் எல்லோரும் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல வீட்டில் வளர்ந்த குட்டிக்கு ஈடே இல்லை. மிக்ஸி சத்தம், குக்கர் விசில், டிவி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பழகியிருக்கும். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரத்துக்குள் பழகுவதுதான் நாய்க்கு ஆயுளுக்கும் நிற்கும்.

அக்காவின் முதல் குட்டி இப்போது பெரியவனாகிவிட்டான். போன வருடம் அவனுக்குத் துணை வேண்டும் என்றாள். இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அந்த அம்மா எங்கள் செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். "இன்றைக்கு வேறு எங்காவது நாய் பார்த்துவிட்டு வருகிறீர்களா?" என்று கேட்டார். பார்வோ கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டே வரும், பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். அது தெரிந்தவர் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தாய் ஒரு லாசா கிராஸ். எங்களை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் குட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்தது. நான் ஒரு குட்டியின் முதுகு முடியை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். தெள்ளுப்பூச்சியின் எச்சம் இருந்தால் கருப்புப் புள்ளி பஞ்சில் சிவப்பாகக் கரையும். ஒன்றும் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "பகலில் வீட்டில் யார் இருப்பீங்க? நாலு வேளை யார் சாப்பாடு வைப்பாங்க?" சின்னக் குட்டி ஒரு வேளை பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கி நடுங்கிச் சுருண்டுவிடும். அப்படி ஆனால் பல் ஈறில் தேன் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அதையும் அவரே சொன்னார், நான் வாயைத் திறக்க வேலையே இல்லை.

அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்குக் குட்டியைத் தரவில்லை. எட்டு வாரம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் தாய்க்கு அடியில் விரித்திருந்த பழைய நூல் புடவைத் துண்டு ஒன்றை, குட்டியோடு சேர்த்துக் கையில் கொடுத்தார். "துவைக்காம போடுங்க" என்றார். முதல் ராத்திரி குட்டி அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் தூங்கியது. இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அக்கா அதை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. அக்கா பேசியது ஒன்றும் கேட்கவில்லை, பின்னால் குட்டியின் ஊளைதான் கேட்டது.

வணக்கம்.