சூடேறினால் சுருங்கும் ஜெல்

(காட்சி: கண்ணாடி டம்ளரில் ஊறும் சப்ஜா விதை)

சர்பத்தில் சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு விதையைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு கண்ணாடிச் சட்டை. அது ஹைட்ரோஜெல். நீண்ட மூலக்கூறு இழைகள் வலையாகப் பின்னிக்கொண்டு நடுவே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிடித்த தண்ணீரைத் திருப்பித் துப்பும் ஜெல்களும் உண்டு. அவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

(காட்சி: டயாப்பரிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைத் துகள்)

இது சோடியம் பாலிஅக்ரிலேட். அரைத் தேக்கரண்டி போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். சற்று நேரத்தில் நொறுக்கிய பனிக்கட்டிபோல் உப்பிவிடுகிறது. இப்போது ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்து கிளறுகிறேன். பாருங்கள், கட்டி தளர்ந்து தண்ணீர் கசிகிறது!

இந்த இழைகளில் வரிசையாகக் கார்பாக்சில் குழுக்கள் (அமில இயல்புள்ள அணுக்கூட்டங்கள்) இருக்கின்றன. வெறும் தண்ணீரில் அவை எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளுவதால் வலை விரிகிறது. புளிப்பு ஏறினால் நேர்மின்னூட்டமுள்ள புரோட்டான்கள் வந்து ஒட்டி மின்னூட்டத்தை அணைத்துவிடுகின்றன, வலை தொய்கிறது. (உப்பைப் போட்டாலும் சுருங்கும். டயாப்பர் வெறும் தண்ணீரைக் குடிக்கும் அளவுக்குச் சிறுநீரைக் குடிக்காததற்கு அதிலுள்ள உப்பே காரணம்.) இரைப்பையின் அமிலத்தில் மூடிக்கிடந்து, குடலில் விரிந்து மருந்தை விடும் ஜெல்களுக்கும் இதே கணக்குதான்.

(காட்சி: வெந்நீரில் இறக்கிய சோதனைக் குழாய்)

எனக்குப் பிடித்தது அடுத்தது. பெயர் வாயில் நுழையாது: பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடு. குளிர்ந்த நீரில் தெளிவாக உப்பியிருக்கும் இந்த ஜெல், 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பால்போல் வெளுத்துச் சுருங்கிவிடுகிறது. குளிரில் தண்ணீர் மூலக்கூறுகள் இழையைச் சுற்றி அடக்கமாக அணிவகுத்து நிற்கின்றன. சூடேறியதும் அந்த ஒழுங்கு அவற்றுக்குக் கட்டுப்படியாவதில்லை, கலைந்து ஓடுகின்றன. தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்கின்றன. வெப்பநிலையையோ திரவத்தையோ இம்மியளவு மாற்றினாலே ஜெல் சட்டென்று சரியும் என்பதை 1978-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியலாளர் டொயோய்ச்சி தனாகா காட்டினார்; அவர் எடுத்துக்கொண்டது வேறொரு ஜெல்.

(காட்சி: ஆய்வகத் தட்டு, நெருக்கத்தில்)

நம் 32 டிகிரி ஜெல்லை ஜப்பானில் தெருவோ ஒகானோ என்ற ஆய்வாளரின் குழுவினர் செல் வளர்க்கும் தட்டில் மெல்லிய பூச்சாக ஒட்டினார்கள். 37 டிகிரியில் பூச்சு சுருங்கியிருக்கும். செல்கள் பற்றிக்கொண்டு வளரும். 20 டிகிரிக்குக் குளிர்வித்தால் பூச்சு தண்ணீர் குடித்து உப்ப, செல் படலம் கிழியாமல் முழுதாக எழும்பி வருகிறது. செல்களைத் தட்டிலிருந்து கத்தரித்தெடுக்கும் நொதி எதுவும் தேவையில்லை. 2004-ல் நோயாளிகளின் வாய்க்குள்ளிருந்து எடுத்த செல்களை இப்படிப் படலமாக வளர்த்து, பழுதான கருவிழிமேல் வைத்தார்கள். தையல்கூடப் போடவில்லை. படலம் தானாகவே ஒட்டிக்கொண்டது.