தண்ணி வார்த்த படமும் 100ஆம் இலக்க பஸ்ஸும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சமூக ஊடகம் நம்மை இணைத்ததா, அம்பலப்படுத்தியதா? அம்பலப்படுத்தியது என்கிறது எங்கள் அணி.

எதிரணிச் சகோதரர் ஒன்று கேட்டார், மண்டபமே கைதட்டியது. "கொழும்பு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நாற்பது பேர் பார்க்கிற முகம்தானே? பேஸ்புக்கில் நானூறு பேர் பார்த்தால் தேய்ந்தா போகும்?" என்றார். என் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு இதற்கே பதில் சொல்கிறேன்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். யார் வீட்டுப் படம் என்று தேட வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ ஆல்பங்களில் இருக்கிற படம்தான். சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தாய்மாமன் தண்ணி வார்க்கிறார், நனைந்த உடையோடு நிற்கிறாள். ஸ்டூடியோக்காரர் விளம்பரத்துக்காகத் தன் பக்கத்தில் போடுகிறார். மாமி பிள்ளையின் பெயரை எழுதி வாழ்த்துகிறார். சித்தி ரொறன்ரோவிலிருந்து பகிர்கிறார்.

அதே படத்தை இன்னொரு முறை பாருங்கள். பிள்ளைக்குப் பின்னால் கேற், அதில் வீட்டு இலக்கம். அடுத்த படம் அழைப்பிதழ்: மண்டபம், திகதி, நேரம். அந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

மூன்றாம் முறை. அதற்கடுத்த படம், பிறந்தநாளன்று வெட்டி அன்றே போட்ட கேக், மேலே 12 என்ற மெழுகுதிரி. நமது புதிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். அட்டை எடுக்கும் வயது வருமுன்பே அவளுடைய 12 இலக்கங்களில் ஏழு இலக்கங்களை அந்தக் கேக் சொல்லிவிட்டது.

நான்காம் முறை, முகத்தை மட்டும். வெளிச்சம் நன்றாக விழுந்த, நேராகப் பார்க்கிற ஒரு முகம் போதும், செயற்கை நுண்ணறிவுச் செயலி அதை வேறு உடம்பில் ஒட்டிவிடும். சகோதரரே, உங்கள் பஸ்ஸில் இருந்த நாற்பது பேருக்கு அவள் பெயர் தெரியாது, பம்பலப்பிட்டியில் இறங்கும்போது முகமும் மறந்துபோகும். இந்தப் படங்களைப் பார்த்தவர் கையில் பெயர், வீடு, பிறந்த நாள், முகம் நான்கும் ஒன்றாக இருக்கின்றன. நானூறு பேர் பார்ப்பதை விடுங்கள், ஒருவர் சேமித்தால் போதும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் தன் வீட்டுத் தேவைக்குச் செய்வதைத் தொடாது. மாமி அதற்கு வெளியே. ஆகவே முற்பணம் கொடுக்குமுன் ஸ்டூடியோவோடு எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு படமும் உங்கள் பக்கத்தில் வரக்கூடாது, எல்லாம் பென் டிரைவில் எங்கள் கைக்கு வர வேண்டும். நேரலையை யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் இணைப்புக் கிடைத்த எவரும் பார்ப்பார். 'பிரைவேட்' என்றால் அழைத்தவர் மட்டும். தெளிவு குறையும் என்று வட்ஸ்அப்பில் படத்தை 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புகிறோம். போன் கமெராவில் இடக்குறிப்பு திறந்திருந்தால், எடுத்த இடமும் சேர்ந்தே போகும். முதலில் அதை நிறுத்துங்கள்.

படத்தை நிர்வாணமாக மாற்றிவிட்டார்கள் என்றால் 1929, சிறுவர் உதவி இலக்கம். 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை, படத்தைப் போனிலிருந்து வெளியே எடுக்காமலே அதன் எண் கைரேகையை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை, உருவாக்கி, இணைந்துள்ள தளங்களுக்குக் கொடுக்கும். அவை அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து அகற்றலாம். வட்ஸ்அப் உரையாடலுக்குள் அது எட்டாது.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஐந்தாம் முறை, கடைசியாக, அந்தப் படத்தைப் பாருங்கள். சேலை நிறம் கேட்டோம், சாப்பாடு கேட்டோம், ஆல்பம் எத்தனை பக்கம் என்று கேட்டோம். நனைந்து நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? இரண்டு வருடம் கழித்து வகுப்பில் யாரோ ஒரு போனை நீட்டுகிறார்கள். சாப்பிடாமல் வந்து படுக்கிறாள். அம்மா ஸ்டூடியோவுக்கு அழைக்கிறா. அவர் நல்ல மனிதர், அந்த நிமிடமே அழித்துவிடுகிறார். சித்தி பகிர்ந்ததும் அதோடு போய்விடுகிறது. தரவிறக்கி வைத்தவர்களிடம் இருப்பது போகாது.

பிள்ளை தலையணையிலிருந்து முகத்தை எடுத்துக் கேட்கிறாள்: "எல்லாம் அழிஞ்சிட்டுதா அம்மா?"

அந்த அம்மா என்ன சொல்லுவா, சகோதரரே?

நன்றி, வணக்கம்.