ஒரு பாய்லர் குறைந்த கப்பல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது 'கோர்ட்டனார்' என்ற டச்சு நாசகாரிக் கப்பலைப் பற்றி. நாசகாரி என்றால் வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல். ரோட்டர்டாமில் கட்டப்பட்டு 1928-ல் பணியில் சேர்ந்த கப்பல் இது. இதே வகையில் மொத்தம் எட்டுக் கப்பல்கள். எட்டுக்குமே பழைய டச்சுத் தளபதிகளின் பெயர்தான்.

பிரிட்டனின் 'யாரோ' (Yarrow) என்ற பெயருள்ள கப்பல் கட்டும் நிறுவனம் வடிவமைப்பில் உதவியது. ஆனால் இவை ஓட வேண்டிய கடல் வேறு. அப்போது டச்சுக்காரர்களின் கையிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா. எந்தத் தீவுக்குப் பின்னால் எதிரி நிற்கிறான் என்பது கப்பலிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காக 98 மீட்டர் நீளமே உள்ள இந்தக் கப்பலில் ஒரு மிதவை விமானத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள்! டார்பிடோ என்பது நீருக்கடியில் ஓடிப்போய் வெடிக்கும் குண்டு; அதை ஏவும் பின்பக்கக் குழாய்களுக்கு மேலே ஒரு மேடை, அதில் ஃபோக்கர் விமானம். பறக்க வேண்டுமென்றால் அதைக் கிரேனில் தூக்கிக் கடலில் இறக்க வேண்டும். அது திரும்பி வந்ததும் மறுபடி தூக்கி வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது விமானங்களை எடுத்துவிட்டார்கள். என்றாலும் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

நான்கு 120 மி.மீ. பீரங்கிகள், ஆறு டார்பிடோ குழாய்கள், இயந்திரத்தை ஓட்டும் நீராவிக்கு மூன்று பாய்லர்கள். வேகம் 36 நாட், அதாவது மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர். வேகம்தான் நாசகாரிக்கு உயிர்.

அந்த வேகம்தான் கடைசியில் இல்லாமல் போனது. 1942 பிப்ரவரி 18 அன்று ஜாவாவின் தென்கரையிலுள்ள சிலாச்சாப் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது கோர்ட்டனார் தரைதட்டியது. அதனால் பாலித் தீவருகே ஜப்பானியருடன் நடந்த பாடுங் நீரிணைச் சண்டைக்குப் போக முடியவில்லை. போன 'பீட் ஹெய்ன்', இதே வகைக் கப்பல், திரும்பவில்லை. ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 27, ஜாவாக் கடல். தளபதி காரெல் டோர்மனின் அணியில் கோர்ட்டனார் ஒரு பாய்லர் இயங்காத நிலையில் போனது.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு பிரிட்டிஷ் கப்பல் 'எக்ஸெட்டர்' குண்டடிபட்டுத் திரும்ப, அது உத்தரவு என்று நினைத்து மற்றவையும் திரும்ப, அணியே குலைந்தது. அந்தக் குழப்பத்துக்குள் ஜப்பானின் 'ஹகுரோ' ஏவிய டார்பிடோ வந்தது. காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனில் ஓடும் டார்பிடோ. நீரில் தடமே அவ்வளவாகத் தெரியாது. கோர்ட்டனாரின் நடுவில் பட்டது. கப்பல் இரண்டாக முறிந்து, முன்பாதியும் பின்பாதியும் நிமிர்ந்து நின்று மூழ்கின. எல்லாம் ஓரிரு நிமிடத்தில். 40 பேர் இறந்தார்கள். நீந்திக்கொண்டிருந்த 113 பேரைப் பிரிட்டிஷ் நாசகாரி 'என்கவுன்டர்' ஏற்றிக்கொண்டது.

எட்டில் 'வான் கேலன்' 1940-லேயே ரோட்டர்டாமில் குண்டுவீச்சுக்கு இரையாகியிருந்தது. மற்ற ஏழும் 1942 பிப்ரவரி 15 முதல் மார்ச் 2 வரையிலான பதினாறே நாளில் போய்விட்டன. ஹகுரோவை 1945 மே மாதம் மலாக்கா நீரிணையில் மூழ்கடித்த பிரிட்டிஷ் நாசகாரிகள் புறப்பட்டது நம் பக்கத்துத் திருகோணமலையிலிருந்து.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முக்குளிப்பவர்கள் கோர்ட்டனாரைக் கண்டுபிடித்தார்கள். 2016-ல் மறுபடி பார்த்தபோது கப்பலின் பெரும்பகுதி அங்கே இல்லை. பழைய இரும்புக்காக அறுத்து எடுத்துவிட்டார்கள். அது வெறும் இரும்பில்லை, நேயர்களே, 40 பேரின் கல்லறை. சுரபாயாவின் கெம்பாங் கூனிங் போர்க் கல்லறையில் டோர்மன் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜாவாக் கடலில் இறந்த மாலுமிகளின் பெயர்களை இன்று அங்கேதான் போய்ப் படிக்க வேண்டும்.