பெயர் சொல்லாமல் வெட்டக்கூடாது: பிராக்ஸ் நாடோடிகளும் எங்கள் ஹீரோகுவெஸ்ட்டும்

வணக்கம் மக்களே. எடிட்டிங், இன்ட்ரோ மியூசிக் எதுவும் இன்றைக்குக் கிடையாது. நேற்று ராத்திரி செஷன் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும்போது மணி ஒன்றரை. அப்புறமும் வாசலில் நின்று பேசினோம், கீழ் வீட்டுப் பாட்டி விளக்கைப் போட்டுப் பார்க்கும் வரைக்கும். எங்கள் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் வாஹா உடன்படிக்கை என்ற குவெஸ்ட்டை ஆடி முடித்துவிட்டோம்! இத்தனை வீடியோவாக "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அதே குவெஸ்ட்தான். நான் நினைத்ததைவிடப் பத்து மடங்கு நன்றாக வந்தது. அதைச் சொல்லாமல் எனக்கு இன்றைக்கு வேறு வேலை ஓடாது.

புதிதாக வந்தவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடுவது ரூன்க்வெஸ்ட். ஆளுக்கு ஒரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டிக் கதையாக ஆடுவது, 1978-ல் வந்த ஆட்டம். நடக்கிற உலகம் குளோராந்தா, அதை கிரெக் ஸ்டாஃபோர்ட் 1966-லிருந்தே எழுத ஆரம்பித்துவிட்டார். அதில் பிராக்ஸ் என்று ஒரு வறண்ட மேய்ச்சல் நிலம். குதிரை என்றாலே அங்கே வெறுப்பு. காட்டெருமை, இம்பாலா, சேபிள் மான், உயர்ந்த லாமா, இவற்றின் மேல் ஏறித் திரிகிற குலங்கள்தான் அங்கே பெரிய குலங்கள். இன்னொன்று மொரோகாந்த். அது டேபிர் மாதிரி மூக்கு நீண்ட விலங்கு. ஆனால் அதுதான் மேய்ப்பது, மனித உருவத்தில் இருப்பவை அதன் மந்தை. இதைப் பற்றிப் பிறகு வருகிறேன். நேற்றைய ராத்திரி முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு போர்டுகேம் கஃபேயில் வேறொரு குழு ஆடுவதைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். நாடோடிகள் வந்தார்கள். தோல் உடை, முரசு, ஊளைச் சத்தம். முப்பது பேர் வந்து முப்பது பேரும் செத்தார்கள். அவர்கள் சட்டைப்பையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த முப்பது பேரின் விலங்குகள் எங்கே, என்ன தின்றன, தண்ணீர் எங்கே குடித்தன என்று ஒருத்தர் கேட்கவில்லை. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. நாடோடி என்றால் ஒரு வேஷம் என்று நினைக்கிறார்கள். நாடோடி என்றால் புல் கணக்கு, தண்ணீர்க் கணக்கு. இந்த மாதம் எந்தப் பக்கம் புல் இருக்கிறது, அங்கே வேறு யார் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நமக்கும் என்ன பாக்கி. இந்த மூன்றையும் ஜீஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், தெரிந்து வைத்திருந்தால் முரசு தேவையே இல்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மேசையில் மொரோகாந்த் ஆடுகிற எதிர் வீட்டு அண்ணன். அவரை உங்களுக்குத் தெரியும், பஜ்ஜி சாப்பிட்ட கையோடு கேரக்டர் ஷீட்டை, அதான் பாத்திரத்தின் விவரம் எழுதின தாளை, தொடுவாரே, அவர்தான். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அவருடைய தாத்தா கீதாரி, ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர். சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவார்கள். ராத்திரி அறுத்த வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், அதற்கு வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். அடுத்த ராத்திரி பட்டியை நகர்த்த வேண்டும். அடுத்து யார் வயல் என்பதில்தான் சண்டையே வரும் என்பார் அண்ணன். ஒரு நாடோடி ஊருக்குள் வரும்போது ஊர்க்காரனுக்கு அவன் தேவைப்படுகிறான், இதை மறந்துவிடாதே என்றும் சொல்வார். இந்த ஒரு வரியை வைத்தே நான் பிராக்ஸை முழுசாக மாற்றி எழுதினேன். ஆற்றோரக் கிராமங்களில் இப்போது யாரும் நாடோடியைப் பார்த்துக் கதவைச் சாத்துவதில்லை. வெளியே வந்து பேரம் பேசுகிறார்கள்.

சரி, இதைப் பார்த்தே ஆக வேண்டும். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். தெரிகிறதா? மேசையில் காயாக வைக்கிற பொம்மை லாமா! பெங்களூர் சிக்பேட்டையில் 120 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் விலங்கு பாக்கெட் கிடைக்கும், அதில் காட்டெருமையும் மானும் வந்துவிடும். மானில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் சேபிள். பன்றிக்கு எம்-சீல் வைத்து மூக்கை நீட்டினால் மொரோகாந்த். லாமா மட்டும் எங்கேயும் இல்லை. ஆன்லைனில் ஒரு கடை ஒரே ஒரு லாமாவுக்கு 650 ரூபாய் கேட்டது, கூரியர் தனி. எனக்கு ஒரு குலமே வேண்டும், ஒன்றை வைத்து என்ன செய்ய? அப்புறம்தான் சென்னபட்டணாவுக்கு வண்டியை விட்டேன். மைசூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர். அங்கே ஒரு கடைசல்காரப் பெரியவர் படத்தைப் பார்த்தார், "கழுத்து தனி, உடம்பு தனி" என்றார், அவ்வளவுதான். கடைசலில் உருண்டையாகத்தான் வரும் இல்லையா, அதனால் கழுத்தைத் தனியாகக் கடைந்து, துளை போட்டுச் சொருகிவிட்டார். மரம் நம்ம ஊர் வெட்பாலை. சுழல்கிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துகிறார், உரசுகிற சூட்டில் அரக்கு உருகி அப்படியே மரத்தில் ஏறுகிறது. கடைசியில் தாழை மடலை வைத்து ஒரு தேய்ப்பு, பளபளவென்று ஆகிவிடுகிறது. இந்த மஞ்சளைப் பாருங்கள், ஒரு பிசிறு இல்லை. ஒன்று 90 ரூபாய். பத்து வாங்கினேன். பேரம் பேசவில்லை, பேசவும் மனசு வரவில்லை. நேற்று இதை மேசையில் வைத்ததும் எல்லாரும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழேயே வைக்கவில்லை. பிராக்ஸில் லாமாக் குலம் வந்துவிட்டது மக்களே!

இப்போது குவெஸ்ட்டுக்கு வருகிறேன். ஹீரோகுவெஸ்ட் என்றால், தெய்வங்கள் முதன்முதலில் செய்ததை நாமே அந்தப் பாத்திரமாக நின்று திரும்பச் செய்வது. அப்படிச் செய்தால் அந்தத் தெய்வத்தின் பலம் நம் குலத்துக்கு வரும். இதைச் சில ஜீஎம்கள் புதிர் மாதிரி நடத்துவார்கள். கதையை ஒளித்து வைத்துவிட்டு, ஆடுகிறவர்கள் சரியான விடையைக் கண்டுபிடிக்கணும் என்பார்கள். நான் அதற்கு முழு எதிரி. கதையை முன்னாடியே முழுசாகச் சொல்லிவிட வேண்டும். குலத்துப் பாட்டி வாயால் சொல்ல வேண்டும். முடிவு உட்பட.

முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடாதா என்று கேட்பார்கள். நம்ம பெங்களூர்க் கரகத் திருவிழாவைப் பாருங்கள். சைத்ர பௌர்ணமி ராத்திரி, திகளரப்பேட்டை தர்மராய சாமி கோயில். திரௌபதி சொர்க்கம் போகிற வழியில் பின்தங்குகிறாள், திமிராசுரனோடு சண்டை போட வீரகுமாரர்களை உண்டாக்குகிறாள், அவள் கிளம்பும்போது அவர்கள் போகாதே என்று அழுகிறார்கள், வருஷம் ஒருமுறை வருவேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். அந்தத் தெருவில் நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் இது தெரியும். ஆனாலும் பெண் வேஷத்தில், தலையில் மல்லிகைப்பூக் கரகத்தோடு, அதைச் சுமப்பவர் வெளியே வரும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. கரகம் தவறினால் சுற்றி வாளோடு வருகிற வீரகுமாரர்கள் அவரை வெட்டிவிடுவார்கள் என்பது மரபாகச் சொல்வது. கதை தெரிந்ததுதான். இந்த வருஷம் சுமக்கிற இந்த மனுஷன் கடப்பாரா என்பதுதான் தெரியாதது. அப்புறம் இன்னொன்று, கரகம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய் வரும். மகாபாரதக் கதையில் தர்கா ஏது? ஆனால் அந்த இடத்துக்குப் போகாத கரகத்தை இன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. நடந்தவர்கள் சேர்த்த இடம் கதையிலேயே சேர்ந்துவிட்டது. எனக்கு ஹீரோகுவெஸ்ட் புரிந்தது விதிப் புத்தகத்தில் இல்லை, அந்தத் தெருவில் நின்றுதான்.

ஒன்று விட்டுப்போச்சு. இதை ஏன் இப்போது ஆடினோம் என்றால், எங்கள் ஆட்டத்தில் புனித காலம் வந்துவிட்டது. குளோராந்தா வருஷத்துக்கு 294 நாள். 56 நாள் வீதம் ஐந்து பருவம், மிச்சம் 14 நாள் புனித காலம். உலகத்தைப் புதுப்பிக்கிற சடங்கெல்லாம் அப்போதுதான். இம்பாலாக் கூட்டமும் காட்டெருமைக் கூட்டமும் ஒரே ஊற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். ஊற்றும் வற்றிவிட்டது. அதனால் இரண்டு கூட்டமும் மொரோகாந்த் பெரியவரும் சேர்ந்து பழைய உடன்படிக்கையைப் புதுப்பிக்க ஒத்துக்கொண்டார்கள்.

கதை இதுதான். பேரிருள் காலத்தில் பிராக்ஸில் தின்ன எதுவும் இல்லை. மந்தைகளின் தாய் ஐரித்தா மண்ணுக்கடியில் இருக்கிறாள். அவள் மகன் வாஹா ஒரு வழி சொல்கிறான். மனிதனும் விலங்கும் சீட்டுப் போடட்டும். ஜெயித்தவன் மேய்ப்பான், தோற்றதைத் தின்பான். தோற்றவன் புல் தின்பான். எல்லாக் குலத்திலும் மனிதன் ஜெயித்தான். மொரோகாந்திடம் மட்டும் மனிதன் தோற்றான். அந்த மந்தை மனிதர்களுக்குப் பேச்சு கிடையாது, யோசனை கிடையாது, இன்றைக்கும் புல் தின்கிறார்கள்.

இதில் நான் வைத்த ஒரே ஒரு நிபந்தனை: சீட்டு எடுக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். தோற்கிற இடத்திலும் ஒருத்தர் நிற்க வேண்டும், அதை ஜீஎம் ஆட மாட்டேன். மேசையில் பேச்சே இல்லை. தங்கச்சி வீட்டுக்காரர் தன் காட்டெருமை வீரனின் ஷீட்டையே உற்றுப் பார்த்தார். இம்பாலாக் குலத்து ஆளாக ஆடுகிற தங்கச்சி கையைத் தூக்கினாள். "நான் தாய் இம்பாலாவா நிக்கிறேன்."

ரூன் என்றால் ஒரு பாத்திரத்துக்குள் இருக்கிற சக்தி, அதை எண்ணால் குறிப்போம். ரூன்க்வெஸ்ட்டில் மனித ரூனும் விலங்கு ரூனும் ஜோடி, இரண்டையும் கூட்டினால் நூறுதான். அவளுக்கு மனிதன் 70, விலங்கு 30. முப்பதை வைத்து ஒரு விலங்கின் இடத்தில் நிற்பது ரொம்பக் கஷ்டம். குலப் பற்றை வைத்து முதலில் உருட்டினாள், தேறியது, அதற்கு இருபது கூடும். பற்றை ரூனுக்கு உதவ விடுவது எங்கள் மேசை வழக்கம். ஆக ஐம்பது. நூறு வரை வருகிற டைஸில் அதற்குள் விழுந்தால் வெற்றி. டைஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உருட்டவே இல்லை. அப்புறம் விட்டாள். ஒன்பது! ஐம்பதில் ஐந்தில் ஒரு பங்கு பத்து, ஒன்பது அதற்குள் வருகிறது, சாதாரண வெற்றிக்கும் மேலே, ஸ்பெஷல்!

ஸ்பெஷல் வந்ததால் அவளிடம் கேட்டேன்: சீட்டில் தோற்றுவிட்டாய், அது கதை. ஆனால் தாய் இம்பாலா ஒரு வார்த்தை கேட்கலாம், என்ன கேட்கிறாய்? அவள் யோசிக்கவே இல்லை. "என்னை வெட்டுறவன் என் பேரைச் சொல்லிட்டு வெட்டணும். பேர் தெரியாதவன் என்மேல கத்தி வைக்கக் கூடாது."

வாஹாவின் ஆட்களுக்கு வெட்டுவதே ஒரு சடங்கு. அமைதி வெட்டு என்று தனித் திறமையே உண்டு. சரியாக வெட்டினால் அந்த உயிர் ஐரித்தாவிடம் திரும்பிப் போய் மறுபடி பிறக்கும். அதற்குள் ஒரு நிபந்தனையை அவள் சொருகிவிட்டாள். நான் ஒத்துக்கொண்டேன். உடனே அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் மொரோகாந்த், சீட்டில் ஜெயித்தவர். அவருக்கு அதைக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை. தன் எம்-சீல் மூக்குப் பொம்மையை எடுத்து, மந்தை மனிதர்களுக்காக வைத்திருந்த காய்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "என் மந்தைக்கும் அதே வார்த்தைதான்" என்றார். பேச்சில்லாத அந்த மனிதர்களுக்கு இனிமேல் ஒவ்வொருத்தருக்கும் பெயர் வைக்க வேண்டும் மக்களே! என் பக்கத்தில் இருந்த ஆபீஸ் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குவெஸ்ட்டிலிருந்து வாள் கொண்டு வருவது, மந்திரம் கொண்டு வருவது எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அங்கே சொன்ன வார்த்தை அடுத்த நாள் காலையில் மந்தைக்குள் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டது, பாருங்கள். கொள்ளையடித்த விலங்கை இனிமேல் உடனே அறுக்க முடியாது, பெயர் தெரியாதே. ஒன்று அதை வைத்துத் தீனி போடணும், இல்லையென்றால் பெயர் தெரிந்தவனிடம் பேசப் போகணும். கொள்ளைக்குப் போகிறவன் பத்து தடவை யோசிப்பான். பெயர் தெரிந்த மேய்ப்பனைக் கொன்றுவிட்டால் மந்தையே வீண். அண்ணன் தாத்தா நூற்றுக்கணக்கான ஆட்டை முகம் பார்த்தே கூப்பிடுவாராம், செவலை, சுட்டி, கருமூக்கி என்று. நேற்று ராத்திரி அதே பெயர்களை வைத்து ஒரு நோட்டு தொடங்கிவிட்டோம். தங்கச்சியின் ரூனும் மாறியது. விலங்கு 40, மனிதன் 60. இரண்டு பருவத்துக்கு இம்பாலாக் கறி தொட மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இப்போது இருக்கிற சிக்கல் தங்கச்சி வீட்டுக்காரருக்குத்தான். ஊற்றுச் சண்டையில் அவர் பிடித்து வைத்த இம்பாலாக்கள் இன்னும் அவர் பட்டியில்தான் நிற்கின்றன, ஒன்றின் பெயரும் அவருக்குத் தெரியாது, கூட்டத்தில் பசி. வருகிற வெள்ளிக்கிழமை லாமாக் குலம் ஊற்றுக்கு வந்து இறங்குகிறது. அவர்கள் இந்த உடன்படிக்கையில் இல்லை. பெயர் கேட்காமல் வெட்டுவார்கள். அவர் அந்த இம்பாலாக்களை லாமாக்காரர்களிடம் விற்பாரா, தங்கச்சியிடம் பெயர் கேட்கப் போவாரா என்று நானே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்று சனிக்கிழமை வந்து சொல்கிறேன். லாமா கடைந்து தரும் இடம் எங்கே என்று கேட்பீர்கள், அந்தப் பெரியவரிடம் கேட்டுவிட்டு அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.